நல்லா வளர்ந்திருக்கு

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சரி, சரி, முறைக்காதீர்கள். ஆள் உண்மை, சாக்கடை உண்மை, கடைசியில் நடந்ததும் உண்மை. நடுவில் எங்காவது யானை வந்தால் அதைப் பூனை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸம்மாவின் ஸ்கூட்டர், கோழி ஏற்றும் அண்ணனின் வண்டி, குழாய்க்காரரின் சைக்கிள், மூன்றுக்கும் பஞ்சர் ஒட்டி முடிகிறவரை இந்தப் பெஞ்சில் உங்களுக்கும் வேறு வேலை இல்லை.

அவருக்குச் சாக்கடை மாப்பிள்ளை என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. தெருவுக்கு அது தேவைப்படவில்லை. முட்டியைத் தாண்டும் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, வாய்க்கும் மூக்குக்கும் துணி, தோளில் ஐஸ் பெட்டி என்று காலையில் அவர் இறங்கி நடக்கும்போது, சொந்தக் கல்யாணத்துக்கே நேரமாகிவிட்ட ஆள் மாதிரி இருக்கும்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு ரெடியா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

"ரெடிதான். சென்ட்தான் கொஞ்சம் தூக்கலா அடிச்சிருக்கா."

வேலை இதுதான். ஊரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது அங்கே தொழில். எந்த மருந்துக்கும் சாகாத கிருமி ஒன்று கிளம்பியிருக்கிறது, அது எங்கே குடியிருக்கிறது, எங்கே விருந்துக்குப் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் கால்வாய், கோழிப்பண்ணைக் கழிவு விழும் ஓடை, கறிக்கடைகளின் வாசல் சாக்கடை. இந்த இடங்களில் கயிறு கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் மொண்டுவந்து கொடுப்பவர் நம்முடைய மாப்பிள்ளை. அந்த ஓடையின் நாற்றம் சாதாரண நாற்றம் என்றா நினைக்கிறீர்கள்? மேலே பறந்து வரும் காக்கா, அந்த இடம் வந்ததும் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து போகும்.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து, ஜெல்லி மாதிரி உறைந்த தீனி ஊற்றிய சின்னத் தட்டில் தடவி, சூட்டுப்பெட்டிக்குள் வைப்பார்கள். மறுநாள் திறந்தால் அதில் கிருமி மொட்டு மொட்டாக முளைத்திருக்கும். லேப் மேடம் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "நல்லா வளர்ந்திருக்கு!" என்பார். வளராவிட்டால்தான் அங்கே துக்கம். ஐஸ் உருகிவிட்டதா, பாட்டில் சரியில்லையா, மாப்பிள்ளை மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டாரா என்று விசாரணை நடக்கும். வளர்ந்துவிட்டால் மேடமே டீ போட்டுக் கொடுப்பார். அதனால் 'நல்லா வளர்ந்திருக்கு' என்று காதில் விழுந்தாலே இவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால்கூட, டீ எங்கே என்று திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய மனைவி, தன் அண்ணன் நடத்தும் கோழிக்கடையில் கறி வெட்டுகிறவள். கத்தியக்கா என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் கத்தியைக் கையில் எடுத்தாலே போதும், கோழி தானாகவே துண்டு துண்டாகப் பிரிந்து, தராசில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவளும் சாயங்காலம் வீட்டுக்கு வருவாள், இவரும் வருவார். அப்புறம் தொடங்கும் கச்சேரி.

"உங்க மூத்த சம்சாரத்தை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பூட்ஸை வெளியில விடுங்க."

"அவ வாசல்லதான் நிக்கிறா. உள்ள கொக்கொக்கொன்னு கத்துறது உன் கைதான்."

"கோழி சோறு போடுதுங்க. உங்க சாக்கடை என்ன போடுது?"

"டீ போடுதே."

பிள்ளை இல்லாத வீடு. இந்தச் சண்டைதான் அங்கே ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கடையில் உடைந்த கோழி எலும்பு ஒன்று அவளுடைய உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, குத்திவிட்டது. எறும்பு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி. குழாயில் கழுவிவிட்டு மிச்சக் கோழியையும் வெட்டினாள். அன்றைக்குப் பார்த்து மழை. வாசலில் கிடந்த பூட்ஸ் நனைகிறதே என்று, திட்டிக்கொண்டே அதைத் தேய்த்துக் கழுவி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தவளும் அவள்தான். அதே கையால்.

கை வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கீறிவிட்டுக் கட்டுப் போட்டு, ஒரு கட்டிலும் கொடுத்தார்கள். காய்ச்சல் அதற்குப் பிறகுதான் ஏறியது. நர்ஸம்மா, நீங்கள் ஏன் அதற்குள் எழுந்திருக்கிறீர்கள்? நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

கையில் வடிந்த சீழை எடுத்து ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மாப்பிள்ளை அந்த லேபின் ஜன்னலுக்கு எதிரே போய் நின்றார். உள்ளே அதே சின்னத் தட்டு, அதே சூட்டுப்பெட்டி. தெரியாத ஊரில் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"தம்பி, என் சம்சாரத்தோட ரிசல்ட் வந்துடுச்சா?"

உள்ளே இருந்தவர் வேலை மும்முரத்தில், தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "நல்லா வளர்ந்திருக்குங்க. டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

அவ்வளவுதான். மனிதர் வெளியே ஓடினார். கை கொள்ளாமல் மிட்டாய் வாங்கினார். பக்கத்துக் கட்டிலுக்கு ஒன்று, எதிர்க் கட்டிலுக்கு ஒன்று, தரை துடைக்கும் அம்மாவுக்கு இரண்டு, வாசல் காவலாளிக்கு ஒரு பிடி. மூக்கில் குழாய் செருகியிருந்த கிழவிக்குக்கூடத் தலையணைக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தார். மனைவிக்கு உறையைப் பிரித்து, தானே வாயில் போட்டுவிட்டார்.

"என்னங்க விசேஷம்? தெருவுக்கே ஆள் அனுப்புவீங்க போல இருக்கே."

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. நல்லா வளர்ந்திருக்காம்!"

அவள் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "என்ன வளர்ந்திருக்கு?"

அப்போதுதான் அந்தக் கேள்வி அவருக்குள் இறங்கியது. என்ன வளர்ந்திருக்கிறது. எங்கே வளர்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் சாக்கடைத் தண்ணீருக்காகச் சந்தோஷப்பட்ட அதே வார்த்தைக்கு, இப்போது பொண்டாட்டியின் கைக்காகப் பல்லைக் காட்டியிருக்கிறார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"சரி விடுங்க," என்றாள். "மிட்டாய் நல்லாத்தான் இருக்கு."

வார்டில் எல்லோரும் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கட்டில்காரர் கையைத் தூக்கி, "நல்லபடியா வீட்டுக்குப் போங்க!" என்று வாழ்த்துக்கூடச் சொன்னார்.

டாக்டர் வந்து விளக்கினார். அந்தக் கிருமியைத் தட்டு முழுக்கத் தடவி, ஒவ்வொரு மருந்திலும் நனைத்த குட்டிக் காகிதப் பொட்டுகளை அதன்மேல் வைப்பார்களாம். எந்த மருந்து கிருமியைக் கொல்லுமோ, அதைச் சுற்றி வெறும் வட்டம் விழும்.

"எதைச் சுத்தியும் விழலைங்க," என்றார் டாக்டர். "ஒரே ஒரு பழைய மருந்துக்கு மட்டும் லேசா விழுந்திருக்கு. அது கிட்னியைப் பிடிக்கும். வேற வழியில்லை."

மாப்பிள்ளைக்கு வட்டம் தெரியாதா? ஆராய்ச்சிக்கூடத்தில் எத்தனை தட்டு பார்த்திருப்பார்! வட்டமே விழாத தட்டு கிடைத்தால் அங்கே டீயோடு பிஸ்கட்டும் வரும். "நாம தேடினது இதான்!" என்று மேடம் மற்ற அறைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தப் பிஸ்கட்டை எல்லாம் இப்போது வயிற்றிலிருந்து தோண்டி வெளியே எறிய முடிந்தால் எறிந்திருப்பார்.

அன்றைக்கு மச்சான் வந்தார், கோழிக்கடைக்காரர். உலகத்தில் இவரை மாப்பிள்ளை என்று கூப்பிட நிஜமான உரிமை அவர் ஒருவருக்குத்தான். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, உங்க சாக்கடைதான் என் தங்கச்சியைப் பிடிச்சிருக்கு. அந்தப் பூட்ஸைத் தூக்கி எறியுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"உங்க கோழி எலும்புதானே மச்சான் குத்துச்சு? பண்ணையில குடிக்கிற தண்ணியில மருந்தைக் கலக்கிக் கலக்கி, கோழி வயித்துல இருக்கிற கிருமிக்கெல்லாம் மருந்து பழகிப்போச்சு. மேடம் சொல்லியிருக்காங்க."

"பண்ணைக்காரன் கலக்குறான். நான் என்ன, கோழி வாயைத் திறந்து ஊத்துறேனா?"

"அப்ப நான் என்ன, சாக்கடையைப் பாட்டில்ல அடைச்சு அவ கையில ஊத்தினேனா?"

கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு பேரும் வெளியில போய்க் கத்துங்க. என் கைக்கு யார் மேலயும் கோபம் இல்ல."

கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். ஊருக்கே வெட்டிக் கொடுத்தவளின் கை. மயக்கம் தெளிந்து, கட்டுப் போட்ட மொட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "இனிமே உங்க பூட்ஸை நீங்களே கழுவிக்குங்க," என்றாள். இவர் சிரிக்க முயன்றார். வந்தது வேறு ஏதோ சத்தம்.

ஆனால் கிருமி கையோடு நிற்கவில்லை, இரத்தத்தில் இறங்கியிருந்தது. பழைய மருந்து கிருமியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தியது. அதைவிட வேகமாகச் சிறுநீரகத்தைப் பிடித்தது. மருந்தைக் குறைத்தால் கிருமி எழுந்தது, கூட்டினால் உடம்பு வீங்கியது. டாக்டர் குறைத்தார், கூட்டினார், குறைத்தார். ஒரு மத்தியானம், வார்டில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள். இந்த இடத்தில் இழுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

மாப்பிள்ளைக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். நானா? சோறு இறங்கவில்லை. சமையலறைக்குள் போவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, நேராக லேப் மேடத்திடம் போய் மேசைமேல் வைத்தார். சாக்கடை பட்டதை மேசைமேல் வைக்காதே என்று மேடம் சொல்லவில்லை.

"மேடம், இதுல பாருங்க. அவ கையில இருந்தது எதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்குங்க. ரெண்டும் ஒண்ணான்னு சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

மேடம் வாங்கிப் பார்த்தார். கிருமியின் உள்ளே ஓடும் நூலைப் பிரித்துப் படிக்கிற மெஷின் ஒன்று அங்கே உண்டு, அதில் போட்டார். முடிவு வந்த அன்று நாற்காலியை இழுத்து இவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கோழிப்பண்ணை ஓடையில இருக்கு. ஆஸ்பத்திரிக் கால்வாயில இருக்கு. உங்க மச்சான் கடை வாசல்லயும் இருக்கு. எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதான் தெரியுது. அவங்க கையில இருந்ததும் அதே குடும்பம்தான்."

"பூட்ஸ்ல?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூட்ஸ்லயும் இருக்கு."

"அப்ப நான்தான்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. பூட்ஸ்லருந்து அவங்க கைக்குப் போச்சா, அவங்க கையிலருந்து பூட்ஸுக்கு வந்துச்சான்னு இதை வச்சுத் தெரியாது. கழுவினது அவங்கதானே."

"நீ இல்லைன்னு சொல்லிடுங்க மேடம். முடியலைன்னா நீதான்னாவது சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மேடத்தின் கண் கலங்கியது. ஆனால் வாயில் பொய் வரவில்லை. "தெரியலைங்க," என்றார். அத்தனை மெஷின் வைத்திருக்கிற கட்டடத்தில் இந்த மனிதருக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இன்றைக்கும் அவர் போகிறார், பாட்டிலை இறக்குகிறார், மொண்டு வருகிறார். தட்டில் முளைத்தால் மேடம் இப்போது வாயைத் திறப்பதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார். தெருவில் யாரும் பொண்ணு ரெடியா என்று கேட்பதில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றி, வெளியே வைத்து, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். மழை பெய்தாலும் உள்ளே போவதில்லை. நனைந்துகொண்டே ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்: எலும்பு குத்தியது முதலில், பூட்ஸைக் கழுவியது அப்புறம், ஆஸ்பத்திரியில் கீறியது அதற்கும் அப்புறம். எங்கே கைவைத்தாலும் விடை வழுக்கிக்கொண்டு போகிறது.

"இதுல என்ன கணக்கு வேண்டிக்கிடக்கு?" என்றார் பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த குழாய்க்காரர். "பூட்ஸ்தான். நான் தினமும் சாக்கடையில இறங்குறவன், எனக்குத் தெரியாதா?"

"நீ இறங்குறியே, உன் பொண்டாட்டி நல்லாத்தானே இருக்கா?" என்றார் நர்ஸம்மா. "எலும்பு குத்தினப்பவே உள்ள போயிருக்கும். கோழிக்கு மருந்தைக் குடுத்துக் குடுத்து..."

"கோழியை ஏன்மா இழுக்கிறீங்க?" கோழி ஏற்றும் அண்ணன் எழுந்துவிட்டார். "அந்தம்மா நடந்துதானே உங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு? காய்ச்சல் எப்ப வந்துச்சு? நீங்க கீறின பிறகு! கத்தியைக் கழுவினீங்களா, இல்லையா?"

"யாரைப் பார்த்து என்ன கேக்குறே? வண்டியில கூண்டு வச்சிருக்கியே, அதை என்னைக்காவது கழுவியிருக்கியா?"

"பூட்ஸ்தான்னு சொல்றேன்ல!"

"நீ சும்மா இருய்யா!" என்று கோழி ஏற்றும் அண்ணன் குழாய்க்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"யாருய்யா சும்மா இருக்கணும்? கையை எடு! மேல இருந்து கையை எடுங்கிறேன்!"