கேபினிலிருந்து இரண்டு தட்டு

இதைச் சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "அன்னைக்கு எவ்வளவு ஊத்தியிருந்த?" என்றுதான். நான் குடிப்பதில்லை. நடுராத்திரியும் இல்லை, நாய் ஊளையிடவும் இல்லை. பட்டப்பகல். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அன்று முழுக்க கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தது நடந்தபடி சொல்கிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

ஆஸ்பத்திரியில் இருந்தது என் மச்சான். என் மனைவியின் அண்ணன். பதினொரு வருஷமாக ஒரே லாரியில் இருவரும் மாறி மாறி ஓட்டினோம். லாரி எங்கள் இருவரையும்விடக் கிழம். அதன் வியாதி எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஒன்பது நாளாக மச்சான் படுக்கையில். அன்று விடியற்காலையில் கிளம்பும் முன் பார்க்கப் போனேன். குரல் பாதிதான் வந்தது, ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"நான் இல்லாம ஒரு நட்டு கழட்டத் தெரியாது உனக்கு. ஆறு மணிக்குள்ள வந்துடு மாப்ள."

"வந்துடறேன் மச்சான்."

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், சரியாக ஒன்று முப்பத்தைந்துக்கு, ஒரு மேட்டில் ஏறும்போது இன்ஜின் இருமியது. மிதிக்க மிதிக்க இழுவை இல்லை. இரண்டு உதறல், அப்படியே நின்றுவிட்டது. டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று காதாலேயே தெரிந்தது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. பின்னால் உருண்டுவிடாமல் இருக்க முதல் கியரைப் போட்டேன். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். இறங்கி, பின் சக்கரங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இரண்டு பெரிய கற்களை வைத்தேன். இரண்டு பக்கமும் காய்ந்த வெற்று நிலம். ஒரு வண்டி இல்லை, ஒரு மரம் இல்லை. போனில் காலையிலிருந்தே டவரும் இல்லை.

புது ஃபில்டர் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும். பழையதைக் கழற்றினேன். உள்ளே கறுப்புச் சேறு. புதியதில் டீசல் நிரப்பி, ரப்பர் வளையத்தை மாற்றி, முறுக்கினேன். அதுவரை ஒரு ஆள் வேலை. அதற்கப்புறம்தான் வம்பு. ஃபில்டர் மாற்றினால் பைப்புக்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றாமல் இன்ஜின் ஓடாது. கைப்பம்பை அடித்து அடித்து, திருகாணி வழியாக நுரையும் குமிழியும் போகும்வரை விட்டேன். மணி இரண்டு இருபத்தைந்து.

கடைசிக் காற்று இன்ஜின் தலைக்குப் போகும் பைப்புகளில் இருக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்க வேண்டும். மற்றவர் கீழே நின்று, பைப் நட்டில் டீசல் பீறிட்டதும் முறுக்க வேண்டும். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மச்சான் மேலே உட்கார்ந்து கேபின் தகரத்தை விரல் முட்டியால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் பொறு, கை வைக்காதே. இரண்டு தட்டு என்றால் கியரைப் பார்த்துவிட்டேன், நியூட்ரலில் இருக்கிறது. நான் "அடி மச்சான்" என்று சொன்ன பிறகே சாவியைத் திருப்புவார். பதினொரு வருஷத்தில் ஒருநாளும் நான் கியரைப் பார்த்ததில்லை. அது அவர் வேலை.

நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பழக்கதோஷத்தில் "மச்சான், ரெடியா?" என்று கேட்டுவிட்டேன்.

என் குரல் அந்த வெட்டவெளியில் எங்கேயும் மோதாமல் போனது. அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது, பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

மேலே ஏறி சாவி போட்டு, இறங்கி ஓடி வந்து பார்ப்பது என்றால் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் குறுக்கு வழி. முன் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பை நுழைத்துப் படுத்து, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்தால் போதும். சாவியே வேண்டாம். நுழைந்தேன். ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன். மணி இரண்டு நாற்பது.

டொக்.

தலைக்கு மேலே. கேபின் தகரத்தில்.

வெயிலில் தகரம் நெளிகிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி நீட்டினேன். இரண்டு நாற்பத்து மூன்று.

டொக்!

இந்த முறை பலமாக. கோபமாக.

வெளியே உருண்டு வந்தேன். நான் சாத்திய கேபின் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் டிரைவர் சீட் மெத்தை அமுங்கியிருந்தது... பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழுந்தது.

சட்டைப்பையைத் தொட்டேன். சாவி அங்கேயே இருந்தது.

ஓடிவிடலாம். எங்கே ஓடுவது? ஆறு மணி... அது ஒன்றுதான் மனசில். திரும்பவும் கீழே குனிந்தேன்.

க்ரீச்.

சீட் ஸ்பிரிங். யாரோ உட்கார்ந்தார்கள். வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது.

கடக்.

கியர் விலகிய சத்தம். வண்டி இரண்டு அங்குலம் பின்னால் சரிந்து, கற்களில் போய் உட்கார்ந்தது.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

டொக். டொக்.

நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அடி மச்சான்."

செல்ஃப் சுழன்றது.

ஸ்க்ரூ டிரைவர் என் காலடியில் கிடந்தது.

டீசல் பீறிட்டது. முறுக்கினேன். அடுத்தது. முறுக்கினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கேபினில் ஏறியபோது யாரும் இல்லை. கியர் லீவர் நியூட்ரலில் நின்றது. அப்போதுதான் உறைத்தது. முதல் கியரில் அல்லவா நிறுத்தினேன்? இரண்டு நாற்பதுக்கு நான் அந்த முனைகளை இணைத்திருந்தால் லாரி முன்னால் பாய்ந்திருக்கும். பின் சக்கரம் என்மேல் ஏறிப் போயிருக்கும். அந்த வழி முழுக்கப் பக்கத்துச் சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினேன்.

நான்கு பத்துக்கு டவர் வந்தது. பத்தொன்பது மிஸ்டு கால். மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏங்க... எங்க இருக்கீங்க? அண்ணன் போயிட்டாருங்க. காலையில பதினொண்ணு இருபதுக்கே..."



ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன், யாருக்காகச் சேர்ந்தேன் என்றுதான் தெரியவில்லை. பிணவறையில் தகர இழுப்பறைகளில் ஒன்றை இழுத்து முகத்தைக் காட்டினார்கள். கும்பிட்டேன். வெளியே வரும்போது காவலுக்கு இருந்தவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

"உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பன்னெண்டு மணிக்கு நான்தான் உள்ள வச்சேன். ரெண்டு நாப்பதுக்கு உள்ளேயிருந்து ஒரு தட்டு. மூணு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு, பலமா. டாக்டரைக் கூட்டிட்டு வந்து திறந்தோம். உயிர் இல்ல. உடம்பு விறைச்சுப் போயிருந்தது. மூடிட்டு டாக்டர் போயிட்டாரு. ரெண்டு அம்பத்திரண்டு இருக்கும்... ரெண்டு தட்டு, அடுத்தடுத்து. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. இருபது வருஷமா இங்க இருக்கேன் சார், இப்படி நடந்ததே இல்ல. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

ஒன்றும் புரியவில்லை என்று தலையாட்டினேன். அந்த இழுப்பறையை இன்னொரு முறை திறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.