வளையல் ஏறாத கை

போன வெள்ளிக்கிழமை ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தவை, வரிசையாக:

1. என் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி சந்திராவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம்.

2. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளையில்லாத எனக்கு வளையல் போடும் வரிசையில் இடமில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை.

3. போன மாதம் அளவு பார்த்து வாங்கிய வளையல் அவள் கையில் ஏறவில்லை. சோப்பு போட்டும் ஏறவில்லை.

4. "கை எப்டி பூரிச்சிகினு கீது பாரு" என்று மாமியாருக்குப் பெருமை.

எனக்குப் பொறாமை. மறைப்பானேன்? அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியமாகப் பார்த்தவர்களுக்கு அழகு தெரிந்தது. எனக்கு வீக்கம் தெரிந்தது.

நான் ஹெல்த் விசிட்டர்; வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது என் வேலை. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் யாருக்கெல்லாம் ஏறக்கூடும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தலைப்பிரசவம். இரட்டைப் பிள்ளை. முப்பத்தைந்து தாண்டிய வயது. கனத்த உடம்பு. முன்பே பிரஷர் உள்ளவர்கள். தாய்க்குப் பிரசவத்தில் வலிப்பு வந்திருந்தால்...

சந்திராவைப் பெற்ற மறுநாளே அவள் அம்மா வலிப்பு வந்து இறந்துபோனவள்.

இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் பார்ப்பது வீக்கமா, என் வயிற்றெரிச்சலா? பந்தி முடியும்வரை இந்தக் கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்கு வலிப்பு வந்திருக்கலாம்.

பிறகு அவள் காலருகே உட்கார்ந்து, கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. எழும்பவில்லை. தலைவலி உண்டா என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா மண்ட இடிக்குதுக்கா. தூக்கம் இல்ல, அதான்னு நெனச்சிகினேன்."

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். மாமியார் முகம் கறுத்தது.

"உனுக்கு இல்லன்ற ஆத்திரத்த அவ மேல காட்டாத. நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. கருவிப் பெட்டியை எடுத்து வந்தேன். பிரஷர் நூற்று எழுபது. அந்த எண் மாமியாருக்குப் புரியாது. சந்திராவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் திரண்டது; உடம்பின் புரதம் சிறுநீரில் இறங்கியிருந்தது.

மாமியார் குனிந்து பார்த்தார்.

"இவ உடம்புலேர்ந்தா வந்துச்சி இது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கார் சொல்லி அனுப்பு. நானும் வரேன்."

உங்கள் வீட்டுக் கர்ப்பிணிக்குக் கையும் முகமும் திடீரென்று பூரித்தால், திருஷ்டி சுற்றுவதற்கு முன்னால் பிரஷர் பாருங்கள். பார்க்கச் சொல்பவள் பொறாமைக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்றைய நிலவரம்: சந்திரா பட்டணத்து ஆஸ்பத்திரியில், வெளிச்சம் பட்டு வலிப்பு வந்துவிடாமல் திரை இழுத்து இருட்டாக்கிய அறையில் இருக்கிறாள். வலிப்பு வரவில்லை. பிரஷர் நூற்று ஐம்பதில் நிற்கிறது. பிள்ளையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது. நானே காது வைத்துக் கேட்டேன்.

பொறாமை இன்னும் போகவில்லை.