தெரியுது என்றாள்

என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எனக்கு ஆபீஸ் வேலை. காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டு பஸ்களின் ஹாரன் காதில் விழுகிற தூரத்தில் எங்கள் வீடு. வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான். ஆனால் கேட்பவர்களிடம் அவள் மூன்று பேர் என்று சொல்வாள். "மூணாவது ஆளு அந்தக் கம்ப்யூட்டர். இவருக்கு அதுக்கப்புறம்தான் நான்."

அவள் சொல்வதில் தப்பில்லை. நான் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுகிறவன். எவன் வீட்டுக்குப் போனாலும் அவன் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இதுல லினக்ஸ் போட்டுக்கலாமே" என்று ஆரம்பித்துவிடுவேன். என்னைக் கண்டால் கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் கதவைச் சாத்துகிற சொந்தக்காரர்கள் உண்டு.

அவளுடைய கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வரும் பார்வை அவளுக்கு. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. "இருக்கிறதை வச்சு ஓட்டுங்கம்மா, எழுத்தைப் பெருசாக்கிப் படிங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் ஆட்டோ ஸ்டாண்டில் வைத்து அவள் சொன்னாள்: "எழுத்து தெரியிற வரைக்கும் நான் டீச்சருங்க. அது போதும் எனக்கு."

அன்றிலிருந்து அந்த எழுத்துக்கு நான் பொறுப்பு. வினாத்தாள், பாடக்குறிப்பு என்று அவள் எழுதுவதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில்தான். எழுத்தைப் பெரிதாக்குவேன். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்குவேன். "தெரியுதா?" என்பேன். "தெரியுது" என்பாள். கொஞ்ச நாள் போனதும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதி ஒன்று லினக்ஸில் உண்டு. அதையும் போட்டுக் கொடுத்திருந்தேன். ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொள்வாள். "கண்ணு களைச்சா ஒத்தாசைக்கு இருக்கட்டும்" என்றுதான் சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மானிட்டர் வந்தது. எழுத்தை அவ்வளவு பெரிதாக்கியதும் பழைய கம்ப்யூட்டரால் தாங்க முடியவில்லை. திரையை நகர்த்தினால் படம் உதறியது. உதறினால் அவள் கண்ணுக்கு நல்லதா? திரைக்குப் படம் அனுப்புகிற வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பெட்டிக்குள் மாட்டினேன். ஒரு சனிக்கிழமை காலை, இட்லி சாப்பிட்ட கையோடு, அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை ஏற்றினேன். எல்லாம் ஒழுங்காக ஏறியதாகத்தான் அது சொன்னது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன்.

கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம் வந்தது, போனது. அப்புறம் கறுப்பு. நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன், கறுப்புதான்.

"மாதாவே!" என்றேன்.

"போச்சா?" என்றாள் அவள் சமையலறையிலிருந்து.

"ஒண்ணும் போகல. நீ உன் வேலையைப் பாரு."

"சரிங்க இன்ஜினியர் சார்."

லினக்ஸில் திரை கறுத்தாலும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துகளாலான வேறொரு வாசல் திறக்கும். திறந்தது. அங்கே போய்ப் புது டிரைவரைக் கழற்றிப் போட்டேன். படம் வந்தது. மறுபடி டிரைவரை ஏற்றினேன். கறுப்பு. கழற்றினேன், வந்தது. ஏற்றினேன், போனது. இணையத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் இதே கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொன்ன வரியைப் போட்டேன், இன்னொருவன் சொன்ன வரியை எடுத்தேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் வந்து கதவோரம் நின்று, "ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னால சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு நண்பர். ஆபீஸில் பக்கத்து நாற்காலி. லினக்ஸில் எனக்கு முன்னால் விழுந்தவர். போனில் புலம்பினேன். "பொட்டிய எடுத்துண்டு இங்க வாரும்" என்றார். கடைசியாக ஏற்றிய டிரைவரை அப்படியே விட்டு, ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைப் போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, காலை அகட்டிக்கொண்டு கிளம்பினேன். காந்தி மார்க்கெட் பக்கம் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் என் போர்வை மூட்டையைப் பார்த்துவிட்டு, "யோவ், யாரைய்யா கடத்திட்டுப் போற?" என்றார்கள். காவிரிப் பாலத்தில் காற்று போர்வையைக் கழற்றப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

நண்பர் வாசலில் நின்றிருந்தார். "என்ன ஓய், புறப்பாடு பலமா இருக்கு! எழுந்தருளப் பண்ணும் உள்ளே" என்றார். அவர்கள் ஊரில் பெருமாள் வெளியே வந்தால் சொல்லுகிற பேச்சு அது. என் பெட்டிக்கும் அதே மரியாதை.

அவருடைய மேஜையில் வைத்து, அவருடைய மானிட்டர் ஒயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் திரையில் அவள் பெயர் வந்து நின்றது. உள்ளே போனால் அவளுக்காக நான் வைத்த மஞ்சள் எழுத்துகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்தில். நகர்த்திப் பார்த்தார். துளி உதறல் இல்லை.

"நன்னா சேவை ஆறதே, படம் பளிச்சுன்னு தெரியறதே! இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"வீட்டுல வரலைங்க. சத்தியமா வரலை."

"அங்க உம்ம பெருமாள் ஏதாவது கோச்சுண்டிருப்பார். பாலம் தாண்டி வந்ததும் கோபம் போயிடுத்து." அந்தப் பெரிய எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், கேலியை விட்டுவிட்டு, "ஆத்துல எப்படி இருக்கா?" என்றார்.

"இந்த சைஸ்ல நல்லாத் தெரியுதுங்குறா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மத்தியானம் வெயிலோடு வீடு வந்து, ஒயர்களைப் பழையபடி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். சின்னம் வந்தது. அது போதும் எனக்கு. வழியெல்லாம் என் காலை முட்டிக்கொண்டு வந்த பெட்டி, இனி என்ன செய்துவிடும்? "டீச்சரம்மா, உட்காருங்க. உங்க வண்டி ரெடி" என்று சத்தம் போட்டுவிட்டுக் காபி போட உள்ளே போனேன். அன்றைக்கு நான்தான் காபி போட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு சந்தோஷம்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் பாஸ்வேர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சா?" என்றேன்.

"வந்துடுச்சுங்க."

"உதறுதா?"

"இல்லையே."

"எழுத்து தெரியுதா? இன்னும் பெருசு பண்ணட்டுமா?"

"போதும் போதும். நல்லாத் தெரியுது."

பால் பொங்கி வந்தது. டிக்காஷனை ஊற்றி, அவள் டம்ளரில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டு, இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

திரை கறுப்பாக இருந்தது.

மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு, படம் எதுவும் வராதபோது எரிகிற ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதற்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, காதில் எதையோ கேட்டு, ஒரு எழுத்தை அழித்து, மறுபடி தட்டினாள். திரையில் படிக்கிறவள் போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். எத்தனையோ நாள் வாசற்படியில் நின்று அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பரவாயில்லை, படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் நகர்ந்திருக்கிறேன்.

டம்ளர்களைச் சத்தமில்லாமல் அலமாரி மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. திரை மறுபடி கறுப்பு என்று மட்டும் சொன்னேன்.

"இரும் இரும். மானிட்டர் ஒயரை எதுல சொருகினேர்?"

"எப்பவும் சொருகுற இடத்துலதான். மேல."

"ராமா! மேல இருக்கறது பழைய வாசல்னா? டிரைவர் போட்டதும் படமெல்லாம் புதுக் கார்டு வழியாத்தானே வரும். கீழ ஒண்ணு இருக்கு பாரும், நான் அதுலதான் சொருகினேன். பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை ஓய். அது பாட்டுக்கு வேலை பண்ணிண்டிருக்கு, நீர் பார்க்கற வாசல்தான் மூடியிருக்கு."

போனை வைத்தேன். ஒயரை மாற்றுவது ஒரு வேலையே இல்லை. சத்தம் போடாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் சொன்னது சொன்னபடியே இருக்கும், நான் நம்பியது நம்பியபடியே இருக்கும். அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் மேஜைக்கு அடியில் குனிந்தேன்.

"என்ன பண்றீங்க கீழ?"

"ஒண்ணுமில்லம்மா. ஒயர் லூஸா இருக்கு."

கீழ் வாசலில் சொருகினேன். தலைக்கு மேலே வெளிச்சம் வந்தது. நான் எழுந்தபோது மஞ்சள் எழுத்துகளின் வெளிச்சம் அவள் முகம் முழுக்க விழுந்திருந்தது. அவள் விரல்கள் நின்றுவிட்டன.

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இவ்வளவு நேரம் அணைஞ்சா இருந்துச்சு?"

"ஆமா."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பளிச்சுன்னு வெளிச்சம் வந்தா தெரியுதுங்க" என்றாள். "ஆளு வர்றது தெரியுது. நீங்க சிவப்புச் சட்டை போட்டா நல்லாவே தெரியுது. எழுத்துதான் போயிடுச்சு."

"எப்போ?"

"பொங்கலுக்கு அப்புறம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அப்போ ஸ்கூல்ல? பேப்பர் எப்படித் திருத்துற?"

"ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் படிச்சுக் காட்டுறாங்க."

"அவங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

"கோச்சுக்காதீங்க."

"கேக்கும்போதெல்லாம் தெரியுது தெரியுதுன்னியே!"

"தெரியுதுதான். எந்த வரியில என்ன எழுதியிருக்கேன்னு எனக்குத் தெரியுது. நீங்களும் அதைத்தான் கேக்குறீங்கன்னு வச்சுக்கிட்டேன்." தமிழ் டீச்சரிடம் வார்த்தையில் ஜெயிக்க முடியுமா? கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "வாராவாரம் நீங்க பெருசு பண்ணிட்டே வந்தீங்க. கடைசியில ஒரே ஒரு சொல்லுதான் ஸ்கிரீன் முழுக்க நின்னுச்சு. அப்பவும் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு தெரியுதான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொன்னா அதுக்கு மேல நீங்க என்ன பண்ணுவீங்க? என்னால சொல்ல முடியலைங்க."

அழுதுவிட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுதேன். அவள் கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தாள். அவள் என்னைத் தேடித்தான் பிடிக்கிறாள் என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"காபி போட்டீங்களே, எங்க?" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "இந்த வாசிக்கிற மிஷினு இருக்கே, இதுக்கு வேற குரல் உண்டா? மழைன்னு எழுதினா மளைங்குது. வாழ்க்கையை வாள்க்கைங்குது. பொங்கல்லேருந்து இதைத்தாங்க கேட்டுக்கிட்டு இருக்கேன். கழுத்தை நெரிக்கலாம்னு வருது."

"அட, முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள்ல மாத்திக் கொடுத்திருப்பேனே!"

"கேட்டா, ஏன், எழுத்து தெரியலையான்னு கேப்பீங்க. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

உண்மைதான், கேட்டிருப்பேன். வேறு குரல் தேடுவதற்காக விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அது நாளைக்கு ஆகட்டும். திங்கட்கிழமை திருத்திக் கொடுக்க வேண்டிய பேப்பர் இருக்கு. அதைப் படிங்க முதல்ல."

பையிலிருந்து பிள்ளைகளின் கட்டுரைக் கட்டை எடுத்தேன். மேலே இருந்ததைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தேன். இரண்டு வரி கேட்டுவிட்டு அவள் கையைத் தூக்கினாள்.

"ஏங்க, எனக்குக் கண்ணுதான் தெரியல. காது நல்லாத்தான் கேக்குது. சும்மா படிங்க, எப்பவும் எங்கிட்ட பேசுற மாதிரி."

கண் தெரியவில்லை என்று அவள் வாயால் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சரிம்மா என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.