கப்பலுக்கு முந்திப் புறப்பட்ட பெட்டி

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் எங்கள் நல்ல துணிமணி எல்லாம் பக்கத்து வீட்டில் இருந்தது. திருட்டுப் போகவில்லை, அடகுக்கும் போகவில்லை. அவை பயணம் புறப்பட்டுவிட்டன. நாங்கள்தான் இன்னும் புறப்படவில்லை.

அப்போது சேலையூரில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. அம்மாவுக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அந்தமானுக்குக் கப்பலேறினாள். நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். பெரியப்பாவுக்கு போர்ட் பிளேரில் மளிகைக் கடை. ஊருக்கு வரச் சொல்லி எத்தனை கடிதம் போட்டாலும், கடையை விட்டு நகர முடியாது என்று ஒரே பதில்தான் வரும். அக்காவும் தங்கையும் முகம் பார்த்து என் வயதாகிவிட்டது.

அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். குடும்பத்தோடு ஊர் சுற்றிவர எல்.டி.சி. என்ற பயணச் சலுகை உண்டு. அதை வைத்து அவர் கப்பலில் கேபின் பதிவு செய்துகொண்டு வந்த அன்று அம்மா சாம்பாரில் உப்பு போட மறந்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

கப்பல் கிளம்பும் கிழமை சரியில்லை. அதற்கெல்லாம் அம்மா அசரவில்லை. பரஸ்தானம் என்று ஒரு வழி இருக்கிறதே. நல்ல நாளில், நல்ல நேரத்தில், பெட்டியை மட்டும் கொண்டுபோய், போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கியதாக அர்த்தம். அப்புறம் ஆட்கள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. ஒரே ஒரு நிபந்தனை, வைத்த பெட்டி திரும்ப நம் வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பயணம் விளங்காது.

கிழக்கே போகிற பயணம் என்பதால் கிழக்குப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் பெட்டி போனது. டீச்சர் கிறிஸ்தவர், பஞ்சாங்கத்தைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் பெட்டியைப் பக்தியோடு வாங்கி, ஹாலில் டெலிபோன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியும் போர்த்தினார். எங்கள் தெருவுக்கே அந்த ஒரு டெலிபோன்தான்.

மறுநாள் அப்பா துறைமுகத்துப் பக்கம் இருந்த டிக்கெட் ஆபீசுக்குப் போனால், கப்பல் பராமரிப்புக்காக ட்ரை டாக்கில் ஏறுகிறது, பயணம் ரத்து என்று எழுதி ஒட்டியிருந்தது. எப்போது திரும்ப வரும் என்று வாசலில் நின்ற பியூனைக் கேட்டிருக்கிறார்.

"ரிப்பேர்ல கீது சார். எப்ப வரும்னு கப்பலாண்டதான் கேக்கணும்."

பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரைக்கும் ரயிலில் அப்பா இதைப் பக்குவமாகச் சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாராம். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "கப்பல் படுத்துடுச்சு" என்றார்.

அம்மா அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அப்பா சமாதானத்துக்கு, "விடு, டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு ஊட்டிக்குப் போவோம். பெட்டியை எடுத்துட்டு வரலாம்" என்றார்.

"பெட்டி வராது. நாம புறப்பட்டாச்சு. நீங்க வேற கப்பலைப் பாருங்க."

"என் ஷேவிங் செட் அதுல இருக்கு!"

"அங்க போய்ப் பண்ணிக்குங்க."

அக்காவுக்குத் தந்தி அடிக்கவும் அம்மாதான் வாசகம் சொன்னாள். புறப்பட்டுவிட்டோம், கப்பல் தாமதம். கப்பல் இல்லாமல் எப்படிப் புறப்பட்டோம் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தந்தியை அப்படியேதான் அடித்தார்.

அன்று முதல் அப்பா காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் மழித்துக்கொண்டார். கரண்ட் போனால் டார்ச்சும் அங்கேதான். கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாணம் வந்தது. நால்வரும் பழைய துணியில் டீச்சர் வீட்டுக்குள் போய், பட்டும் சரிகையுமாக வெளியே வந்தோம். சாப்பிட்டுத் திரும்பி வந்து, அங்கேயே எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு, பழையபடி வீடு சேர்ந்தோம். தெருக்காரர்களுக்குக் கேட்கவேண்டுமா? "என்ன சார், உங்க கப்பல் குரோம்பேட்டை தாண்டிடுச்சா?" என்று அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தார்கள்.

சிரித்துச் சமாளித்தாலும், மே மாதம் பாதி போனதும் அம்மாவின் பேச்சு குறைந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் பயணம் கிடையாது. எல்.டி.சி.யும் அந்த வருஷத்தோடு சரி. இந்தத் தடவை தவறினால் அக்காவைப் பார்க்க எத்தனை வருஷம் ஆகுமோ. அப்பா வாராவாரம் டிக்கெட் ஆபீசுக்குப் போய் வெறுங்கையோடு வந்தார்.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் மதில் மேலாகக் கூப்பிட்டார். "சீக்கிரம் வாங்க, சார் லைன்ல இருக்கார்!"

அம்மா ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். வேறு கப்பலில் யாரோ குடும்பமாக வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம், நான்கு இடம் இருக்கிறதாம். அப்பாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"ஆனா நாளைக்கே ஏறணும். கேபின் இல்ல, கீழ்த்தட்டுல பங்க். நாளைக்கு செவ்வாக்கிழமை, அஷ்டமி வேற. மூணு மணிக்கு ஏறச் சொல்றாங்க. அது ராகு காலம்மா."

பரஸ்தானத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்ட மனிதர் டிக்கெட் வரிசையில் நின்றபடி காலண்டர் பார்த்திருக்கிறார்!

அம்மா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். "நாம புறப்பட்டு ஒரு மாசம் ஆகப்போகுது. பாதி வழியில இருக்கிறவங்களுக்கு ஏதுங்க ராகு காலம்? டிக்கெட்டை வாங்குங்க" என்றாள். டீச்சர் கை தட்டினார்.

கப்பலில் அம்மா வாந்தியெடுத்த கதை இங்கே வேண்டாம். போர்ட் பிளேரில் இறங்கியதும் பெரியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "புறப்பட்டுட்டோம்னு தந்தி குடுத்து ஒரு மாசம் ஆச்சேடி, கடல்ல நடந்தா வந்தே?" என்று கேட்டுவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் அழுதார்கள். அக்கா தங்கை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்குத் தம்பி மேல் கொஞ்சம் பாசம் வந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

திரும்பும் நாளில், மூடப்போன பெட்டியின் மேல் பெரியம்மா தன் மாம்பழ நிறப் பட்டுச் சேலையை வைத்தாள்.

"எனக்கு எதுக்குக்கா இது?" என்றாள் அம்மா.

"உனக்கு யாரு குடுத்தா? இது என் பரஸ்தானம். நான் புறப்பட்டாச்சு." பேசியது அம்மாவிடம், பார்த்தது பெரியப்பாவை. அவர் கடையைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சேலை சேலையூர் வந்து எங்கள் பீரோவில் இருந்தது. அம்மா அதைக் கட்டவும் இல்லை, யாரையும் தொட விடவும் இல்லை.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரியம்மா இறங்கினாள், பின்னாலேயே பெரியப்பா. கடை என்ன ஆச்சு என்று அப்பா வாய்விட்டே கேட்டார்.

"பூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் பெரியப்பா. "சேலை இங்க வந்து இத்தனை நாளாச்சு. ஆள் வரலைன்னா நல்லாவா இருக்கும்?"

அம்மா உள்ளே போய்ச் சேலையை எடுத்துவந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.