நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாடாளுமன்றத்தின் நடு மேசையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் பிடிப்பதுதான் அவளுடைய வேலை. பத்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டதும் எழுந்து மாடியறைக்குப் போய், எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைச் செய்துவந்தாள். பக்கத்து மேசைக்காரர் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர் வைத்திருந்தார். "நாள் பூரா கிறுக்குறவளை வேற எப்படிக் கூப்பிடுறதாம்?" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள். அவர் எழுதுவதும் அதே கிறுக்கல்தானே!

பெரும்பாலான உறுப்பினர்களின் பேச்சை, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவள் எழுதிவிடுவாள். தலைவருக்குப் புகழ்மாலை இரண்டு நிமிடம், எதிரணிக்கு வசவு மூன்று நிமிடம், மிச்ச நேரம் தொண்டைக் கனைப்பு. ஒரே ஒருவர் எழுந்தால் மட்டும் பென்சிலை மாற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். அந்த அம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் தேர்தலில் நின்று வென்றவர். சபையில் கேலியாக ஊசியக்கா என்பார்கள்.

ஊசியக்காவிடம் அடுக்குமொழி கிடையாது. எந்த விவாதமானாலும் கையில் ஒரு காகிதம் இருக்கும். அதில் அவரே நேரில் போய் விசாரித்த விவரம் இருக்கும். பாதுகாப்புத் துறை விவாதத்தில், எல்லையில் நிற்கிற சிப்பாயின் பூட்ஸ் எத்தனை மாதத்தில் கிழிகிறது என்று கேட்டார். கல்வி விவாதத்தில், கழிப்பறை இல்லாத பள்ளிகளைப் பெண் பிள்ளைகள் எந்த வகுப்போடு விடுகிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாக வாசித்தார். சபையில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மீதிப் பேர் கேன்டீனுக்குப் போனார்கள். ஆனாலும் அவர் பேசிய பிறகு மூன்று சட்டங்களில் தலா ஒரு வரி மாறியது. அந்த வரிகள் யாரால் வந்தன என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. சபைப் பதிவில் மட்டும் இருந்தது. அதை எழுதியவள் இவள்.

அன்றைக்கு நாடு முழுவதும் கல் அரைக்கும் ஆலைகளில் தூசியால் சாகிறவர்களைப் பற்றி விவாதம். ஊசியக்கா அப்படிச் செத்த அறுபத்தேழு பேரின் வீடுகளுக்குப் போய்வந்திருந்தார்.

"முப்பத்திநாலு வயசுல செத்த ஆள். நாலு படி ஏறினா மூச்சு நின்னுருமாம். எக்ஸ்ரேல நுரையீரல் முழுக்க வெள்ளை. இதைத் தூசி நோய்னு ஒத்துக்கக்கூட உங்க இலாகாவுக்கு மனசு வரல," என்றார்.

ஆளுங்கட்சி வரிசையில் கூச்சல் எழுந்தது. சபாநாயகர் வழக்கம்போல எல்லா மைக்குகளையும் அணைக்கச் சொன்னார். அப்போதுதான் அமைச்சர் எழுந்தார். அவள் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து நாலு எட்டு தூரம்கூட இல்லை.

"குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுச் செத்தவனையெல்லாம் தூசில செத்தான்னு இந்தம்மா சேர்த்துக்கிட்டு வந்திருக்கு!"

அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசியக்காவின் குரல் மைக் இல்லாமலே பார்வையாளர் மாடம் வரை கேட்டது. "வெட்கமா இல்ல உங்களுக்கு? மனுஷங்கதானே நீங்க?"

அவள் பென்சில் நிற்கவில்லை. இரண்டு பேரும் சொன்னது குறிப்பேட்டில் ஏறியது.

மறுநாள் பகல், தட்டச்சுப் பிரதி அமைச்சர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. இலக்கணப் பிழையையும் எண் பிழையையும் மட்டுமே உறுப்பினர்கள் திருத்தலாம் என்பது விதி. அந்தப் பிரதியில் சிவப்பு மையால் ஒரு வாக்கியத்தையே அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசின் சார்பில் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதற்குக் கீழே ஊசியக்காவின் பதில் அப்படியே இருந்தது. 'வெட்கமா இல்ல உங்களுக்கு? மனுஷங்கதானே நீங்க?'

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னது போதாது என்று, உண்மை பேசியவரைப் பைத்தியமாக்கிவிட்டார்களே! அனுதாபம் சொன்ன மனிதனைப் பார்த்துக் கத்தினாள் என்று நாளைக்குப் படிக்கிறவன் நினைக்க மாட்டானா?

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு தலைமைப் பதிப்பாளரின் அறைக்குப் போனாள்.

"சார், இது திருத்தம் இல்ல. இது புளுகு."

"மெல்லப் பேசும்மா. கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பு."

"நான் எழுதாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"ஒலிநாடாவுலயும் வெறும் இரைச்சல்தான் இருக்கு. நீ சரியாத்தான் கேட்டேன்னு என்ன நிச்சயம்?"

"பத்தொன்பது வருஷமா என் காதை நம்பித்தானே சார் அச்சடிச்சீங்க? நேத்துதான் செவிடாயிட்டேனா?"

அவர் பேனாவை எடுத்து, அவள் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடையதைப் போட்டார். அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வரிதானே? உனக்கு எதுக்கு வம்பு?"

"அந்த ஒரு வரியை எழுதத்தான் என்னை அங்க உட்கார வச்சிருக்கு. நீங்க நிறுத்தத்துல பிள்ளைய இறக்காம, இறக்கிட்டேன்னு எழுதிட்டு வருவீங்களா?"

அவர் உள்ளே வந்தார். "சரி, கோபத்தை அந்த ஆள்மேல காட்டு. டம்ளர் என்ன பண்ணுச்சு?" என்று அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

பத்து நாளில் அச்சிட்ட தொகுதி வந்தது. வந்த அன்றே மாடியறைக் கதவு படாரென்று திறந்தது. ஊசியக்கா தொகுதியை அவள் மேசையில் போட்டார்.

"நானூத்திப் பன்னிரண்டாம் பக்கம். நீதானே அன்னைக்கு எழுதின? இதுக்கு எவ்வளவு நாளா அவங்ககூடக் கூட்டு?"

தனக்காகத்தான் இத்தனை நாள் வயிறெரிந்துகொண்டிருக்கிறாள் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைவிட வேகமாகக் கோபம் முட்டியது.

"மேடம், பக்கத்தோட அடியில பாருங்க. என் கையெழுத்து இருக்கா?"

எழுதியவரின் கையெழுத்தும் அச்சாகிற இடத்தை ஊசியக்கா குனிந்து பார்த்தார். இல்லை.

"என் குறிப்பேட்டை உங்களுக்குக் காட்ட எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா அதைப் படிக்கச் சொல்லிச் சபாநாயகர்கிட்ட எந்த உறுப்பினரும் கேட்கலாம். விதிப்புத்தகத்துல இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நீங்க கேளுங்க."

ஊசியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மன்னிச்சுக்கோம்மா," என்று சொல்லிவிட்டு அங்கேயே, அவள் பேனாவை வாங்கி, மனு எழுதினார்.

சபாநாயகர் அறையில் விசாரணை நடந்தது. அவள் படித்துக் காட்டினாள். அமைச்சர் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கிளறின மாதிரி இருக்கு. இதை வச்சு யார் வேணா என்ன வேணா படிக்கலாமே," என்றார்.

"யார் படிச்சாலும் ஒண்ணுதான் வரும். வேற ஆளை வரச்சொல்லிப் பாருங்க," என்றாள் அவள்.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. யார் வம்புக்கும் போகாத மனிதர். அந்த வரியில் நின்று, அமைச்சரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் தப்பிக்கலாம். "குடிச்சுக் குடிச்சு..." என்று தொடங்கி, முற்றுப்புள்ளி வரை ஒரு சொல் பிசகாமல் படித்து முடித்தார்.

ஊசியக்கா அமைச்சர் பக்கம் திரும்பி, "இப்ப சிரிங்க," என்றார்.

அமைச்சர் பதவி விலகினாரா என்றால், இல்லை. அடுத்த தொகுதியின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் பிழைதிருத்தம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். ஆனால் ஊசியக்கா அதை விடவில்லை. அந்தப் பிழைதிருத்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்தார். ஒன்றரை வருடம் கழித்து, கல் ஆலைத் தூசியைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நிறைவேறியது.

அது நிறைவேறிய நாளில் அவள் சபையில் இல்லை. விசாரணை முடிந்த வாரமே அவளைக் கீழ்த்தளத்தில், அச்சான தொகுதிகளுக்குப் பொருளகராதி தயாரிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகக் காரணம் என்று உத்தரவில் எழுதியிருந்தது. தண்டனை என்று எழுதத் துணிச்சல் இல்லாதவர்கள். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில்தான் வாக்கெடுப்பைக் கேட்டாள். பிரிவில் இருந்தவர்கள் கை கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "இனியாவது கோபத்தை விடேன்," என்றார்.

"எதுக்கு விடணும்? அந்த அறுபத்தேழு பேரும் திரும்பி வந்துட்டாங்களா? சிவப்பு மையில எழுதின ஆள் இன்னும் மேலதானே உட்கார்ந்திருக்கான்?" என்றாள்.

தன்னை மறுபடியும் நடு மேசைக்கு அனுப்பும்படி மாதம் ஒரு மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு மனுவுக்கும் பதில் இல்லை. அவர் போன பிறகு வெள்ளைத்தாளை எடுத்து, பதினெட்டாவதை எழுத உட்கார்ந்தாள்.