டாஃப்னி என்றால் மகாராணி

எங்கள் அக்காவின் பெயர் டாஃப்னி. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். ஆனால் கோலார் தங்கவயலில் அப்படித்தான். சுரங்க அதிகாரிகளின் பங்களாக்களில் காதில் விழுந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு வைத்துவிடுவார்கள். அக்கா பிறந்தபோது அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, ஓர் ஆங்கிலோ இந்திய அதிகாரி வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் கொண்டுவந்தார். அர்த்தம் கேட்டவர்களிடம் மகாராணி என்று சொல்லிவைத்தார். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

அதே மாமா பின்னாளில் பெங்களூர் சிவாஜிநகரில் துணிக்கடை போட்டார். எங்களையும் அங்கேயே ஜீவனஹள்ளிக்குக் கூட்டிவந்து அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலையும் பிடித்துக் கொடுத்தார். அக்கா பி.யூ.சி. முடித்ததும் முறை கேட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேரு வச்சவன் நானு. வேற எவனுக்குக் குடுத்துடுவீங்க?"

அவருக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அக்காவுக்கு பி.காம். சேர இடம் கிடைத்திருந்தது. மாட்டேன் என்று அம்மாவிடம் அழுது பார்த்தாள். அம்மா தம்பியை விட்டுக்கொடுப்பாளா? அப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நின்றுவிடும்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் மிஸ் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயர் மலர். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் பெயரைக் கேட்டேன். மகாராணியும் இல்லை, மண்ணும் இல்லை. கிரேக்க மொழியில் அது ஒரு மரத்தின் பெயராம். டாஃப்னி ஒரு நதிதேவனின் மகள். சூரியதேவன் அவள்மேல் ஆசைப்பட்டுத் துரத்துகிறான். அவள் ஓடுகிறாள். பிடிபடப் போகிற நேரத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறாள். அவர் அவளை மரமாக மாற்றிவிடுகிறார். சூரியதேவன் அந்த மரத்தின் இலைகளைப் பறித்துக் கிரீடமாக வைத்துக்கொள்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஒப்பித்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அவ கூப்ட்டதும் அவங்கப்பா வந்தாரா?"

"வந்தாரு."

மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு, "நாளைக்கு மாமா வர்றப்ப அப்பா முன்னாடி இதச் சொல்லு மலரு. அவ அப்பாவக் கூப்புடுற எடத்த மட்டும் சத்தமா சொல்லணும்" என்றாள். அவள் பெயர் கதையில் வருகிறதே, அந்தப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா பூவும் பழமுமாக, தேதி குறிக்க வந்தார். நான் கூடத்தின் நடுவில் நின்று, ஓடிக் காட்டி, மூச்சு வாங்கிக் காட்டி, "அப்பா, என்னக் காப்பாத்துங்கப்பா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். சமையலறை வாசலில் நின்ற அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது மாமாதான். "மரமானப்புறமும் அவன் வுட்டானா பாத்தீங்களா? எலையப் பறிச்சுத் தலையில வச்சுக்கினான்!"

அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அக்கா நின்ற பக்கம் திரும்பவும் இல்லை.

"நல்லா சொன்ன. போய் மாமாவுக்கு வெத்தல வாங்கினு வா" என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் தேதி குறித்தாகிவிட்டது. அக்கா குழாயடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல, அதனால்தான் அப்பாவுக்குக் கதை விளங்கவில்லை என்று எனக்குப் பட்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பாவுக்குப் புரியிற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

அப்பாவுக்கு முதல் வாட்டியே நன்றாகப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.