படுக்கையிலிருந்தே புரூஃப் பார்த்தேன்

சபையாருக்கு என் வணக்கம். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள் நான். அது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றாவது பிள்ளைக்காக நான் என்ன சண்டை போட்டேன் என்பது தெரியாது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

1994 சித்திரை. எனக்கு நான்காம் மாதம். நாங்கள் அசோக் நகரில் இருந்தோம். மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் எட்டு வருஷமாகப் புரூஃப் ரீடர் வேலை. பஸ் நெரிசல், அப்புறம் இரண்டு மாடிப் படி. ஒருநாள் லேசாக ரத்தம் பட்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கறாராகச் சொன்னார்: "புள்ள தங்கணும்னா படுத்தே இருக்கணும். பஸ்ஸும் கூடாது, மாடியும் கூடாது."

முதலாளியிடம் என் கணவர் போய்ச் சொன்னார். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அச்சகத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார். பிழை பார்க்க எடுக்கிற புரூஃப் தாள் அச்சக வாசலைத் தாண்டக் கூடாது. "வேலையை விட்டுடச் சொல்லுங்க. குழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அழுதேன். நன்றாகவே அழுதேன்.

என் மாமியாரும் அதையேதான் சொன்னார். "வயித்துல புள்ளய வச்சிக்கினு இன்னாத்துக்கும்மா வேல? வுட்டுடு."

விடுவதற்கு எனக்கு மனசில்லை. எழுத்துப் பிழை பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது கர்த்தர் கொடுத்த கண் என்று நம்புகிறவள் நான். முழங்காலிடக்கூட டாக்டர் விடவில்லை, அதனால் படுத்தபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, பிள்ளையா வேலையா என்று என்னைக் கேட்காதீர். எனக்கு இரண்டும் வேண்டும்" என்றேன். இப்படி அடம்பிடிக்கலாமா என்று சிலர் நினைக்கலாம். நான் பிடித்தேன்.

மூன்று நாள் ஜெபித்த பிறகு மனம் தெளிந்தது. கெஞ்சாமல் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். புரூஃப் கட்டை என் கணவர் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வாங்கி வருவார், மறுநாள் காலை போகும்போது கொடுத்துவிடுவார், ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்று. முதலாளி சோதிக்கவே செய்தார். தானே பார்த்து, சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்ட ஒரு கல்யாண அழைப்பிதழை, அச்சடிக்கக் கொடுத்தவர் எழுதித் தந்த காகிதத்தோடு அனுப்பினார். மறுநாள் பதினோரு மணிக்கு மிஷினில் ஏறப்போகிற வேலை அது. இவள் வீட்டில் படுத்துக்கொண்டு என்ன பார்த்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலக் காகிதத்தை உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் அச்சில் கண்ணை ஓட்ட வேண்டும். என்னவர் களைத்து வந்து தூங்கிவிட்டார். புரூஃப் பார்க்காமலே கிடக்க, காலையில் வேலைக்கும் கிளம்பிவிட்டார். வீட்டில் மிச்சம் மாமியார்தான். வேதம் வாசிப்பதற்காகவே வயதான பிறகு எழுத்துக் கற்றவர். முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். வேதம் வாசிக்கிற அதே ராகத்தில், ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மணமகளின் தாத்தா பெயர் வந்தது. மாமியார் "திரு" என்று ஆரம்பித்தார். என் கண்முன்னால் அச்சில் "காலஞ்சென்ற திரு" என்றிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய அழைப்பிதழின் அச்செழுத்துகளைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றுவது எங்கள் அச்சக வழக்கம். எவரோ ஒருவருக்குப் போட்ட சொல் அப்படியே தங்கிவிட்டிருந்தது. மூலக் காகிதத்தின் அடியில் பார்த்தால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவரே அந்தத் தாத்தாதான்!

மணி பத்தரை. நான் எழுந்திருக்கக் கூடாது. என் மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடை போனுக்கு ஓடினார். அங்கே அவர் பேசியதைக் கடைக்காரர் பிறகு தெருவுக்கே சொன்னார். "ஐயா, மொதல்ல மிஷின நிறுத்து. உசுரோட கீற மனுசன சாவடிச்சி வச்சிக்கீறீங்க!"

மிஷின் நின்றது.

அன்று சாயங்காலம் முதலாளியே வீட்டுக்கு வந்தார். "நான் ரெண்டு தடவ பாத்தேம்மா, என் கண்ணுக்குப் படலையே" என்றார். பிறகு என் மாமியாரைப் பார்த்து, "இனிமே புரூஃப் இங்கேயே வரட்டும். நீங்கதான் வாசிக்கணும்" என்றார். மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என்னை வேலையை விடச் சொன்னவர், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், "கட்டு வந்துச்சா?" என்று எனக்கு முன்னால் கேட்க ஆரம்பித்தார்.

ஆறு மாதம் அப்படியே வேலை பார்த்தேன். ஐப்பசியில் என் மகள் பிறந்தாள், முழு மாதம், நல்ல எடை. கர்த்தர் எனக்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கவில்லை. இரண்டையும் கொடுத்தார். இப்போது எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பெண்கள் கர்ப்பமானால், முடிகிற வேலையை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இந்த வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கலாம். அதைக் கொடுக்காதீர்கள். முதலில் ஆண்டவரிடம் கேளுங்கள், பிறகு முதலாளியிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். ஜெபத்துக்குத் துணை வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முதலாளியிடம் போகத் துணை வேண்டுமென்றால், என் மாமியார் செருப்பு மாட்டத் தயாராக இருக்கிறார்.